ஊர்ப் பாண்ட் நிலைக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் கூட்டுச் சேர ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பித்தளை ஊதுகருவிகளும் மேளமுமான பாண்ட் வாத்தியம் முழங்காமல் ஒரு பரிசளிப்பு விழா தொடங்குவது அபூர்வம். முதலாம் தவணை வந்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள்; அங்கேயும் பாண்ட். பரியோவான் கல்லூரியும் மத்திய கல்லூரியும் கிரிக்கெட்டில் மோதும் வடக்கின் பெருஞ்சமர் என்றால் சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். கரையோரத் தேவாலயங்களில் பெருநாள் பவனிக்கும், பல ஊர்களில் செத்தவீட்டுக்கும் பாண்ட் வரும்.

பாடசாலை பாண்டுக்குப் பின்னால் பாடசாலை இருக்கிறது. ஊர்ப் பாண்டுக்கு? ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேர், ஒருவரின் வீட்டு விறாந்தை, ஓர் அலுமாரி. அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவருக்குக் கனடா விசா கிடைத்தால் பாதிக் குழு போய்விடும். அலுமாரித் திறப்பும் அவரிடம் இருந்தால் முழுக்குழுவும் போய்விடும்.

இப்படி ஒரு குழுவைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்கும், தொடங்க நினைப்பவர்களுக்கும் இது எழுதப்படுகிறது. வாசிக்கக் கற்றுத்தருவது இதன் வேலை அல்ல. உள்ளூரில் யாரோடு, எந்த ஒழுங்கில் கூட்டுச் சேர்ந்தால் குழு நிலைக்கும் என்பதுதான் விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாரிடமும் முதலில் காசு கேட்டுப் போகாதீர்கள். பழக ஓர் இடம், தொடர்ந்து வரக்கூடிய பிள்ளைகள், எழுத்தில் ஓர் உடன்படிக்கை, இவற்றைக் கேட்டுப் போங்கள். காசு பிறகு வரும். கொஞ்சம் குறைவாக வந்தாலும் குழு நடக்கும்.

இங்கிலாந்தில் இந்த வகை பாண்டுகள் வளர்ந்த விதமே இதற்குப் பாடம். அங்கே ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் தங்கள் தொழிலாளரின் பாண்டுகளுக்கு இடமும் வாத்தியமும் சீருடையும் கொடுத்தன. பிளாக் டைக் பாண்ட் ஓர் ஆலையின் பெயரையே இன்றும் சுமக்கிறது. 1917இல் சுரங்கத் தொழிலாளர் தொடங்கிய கிரைம்தோர்ப் பாண்டின் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. வேறு ஆதரவுகளைத் தேடிக்கொண்டதால் பாண்ட் தப்பியது. ஒரே புரவலரை நம்பியிருந்து, அவரோடு சேர்ந்தே காணாமல் போன குழுக்களும் அங்கே உண்டு. நமக்குச் சுரங்கம் இல்லை. பாடசாலை, தேவாலயம், சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் என்று நிறையவே இருக்கின்றன. இவற்றில் குறைந்தது இரண்டிலாவது கால் ஊன்ற வேண்டும்.

முதலில், கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

யாரையும் சந்திக்கப் போகுமுன் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு வாத்தியத்தின் பெயர், கம்பனி, உடலில் பொறித்திருக்கும் தொடர் இலக்கம், நிலை, எங்கிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

நிலையைப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. கோர்னெற்றோ (ட்ரம்பெற் போன்றது, சற்றுக் குட்டை) ட்ரம்பெற்றோ எடுத்து, விரலால் அழுத்தும் மூன்று வால்வையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். இறுகினால் பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் அழுக்குத்தான், கழுவி எண்ணெய் விட்டால் சரி. அடுத்து, வால்வை அழுத்தாமல் அதன் சிறு குழாயை மெல்ல வெளியே இழுங்கள். ‘பொப்’ என்று சத்தம் வந்தால் வால்வுக்குள் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் வால்வு தேய்ந்திருக்கலாம். அந்த வாத்தியத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். கடைசியாக, வாய்ப்பகுதி பொருந்தும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் கறுத்த இளஞ்சிவப்புப் புள்ளி என்றால் பித்தளையில் இருந்து நாகம் அரித்துப் போகிறது என்று அர்த்தம். அது உள்ளிருந்து வெளியே வரும் அரிப்பு. மேலே மினுக்கி மாறாது, அந்தக் குழாயையே மாற்ற வேண்டும்.

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பதையும் மறக்கக்கூடாது. கொதிக்கிற கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு வாத்தியத்துக்குள்ளும் படியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள், கழுவியவுடன் துடையுங்கள், தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். குருநகர், பாசையூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வேறு. வாசித்து முடிந்ததும் குழாயின் வளைவில் உள்ள சிறு மூடியைத் திறந்து எச்சிலை ஊதி வெளியேற்றாமல் பெட்டிக்குள் வைத்தால், நல்ல வாத்தியமும் சில வருடங்களில் போய்விடும்.

முழு அளவிலான பிரித்தானிய பாண்டில் 25 ஊதுகருவிக்காரர்கள் இருப்பார்கள், மேளக்காரர் தனி. நமக்கு அவ்வளவு தேவையில்லை. கோர்னெற் அல்லது ட்ரம்பெற் நான்கு, நடுச் சுரங்களுக்கு டெனர் ஹோர்ன் இரண்டு, ட்ரொம்போன் இரண்டு, அதைவிடப் பெரிய யூபோனியம் ஒன்று, ஆகத் தாழ்ந்த சுரங்களுக்கு ரியூபா ஒன்று, மேளத்துக்கு இருவர். 12 பேர் ஒழுங்காக வந்தால் ஒரு பவனியை முழுதாக நடத்தலாம். இந்த பாண்ட் மரபில் ஒரு வசதி இருக்கிறது. கோர்னெற்றில் இருந்து ரியூபா வரை வால்வு வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான சுர எழுத்து, ஒரே விரல் முறை. கோர்னெற் பழகிய பிள்ளை சில வாரங்களில் டெனர் ஹோர்னுக்கு மாறலாம். ஆட்கள் அடிக்கடி புலம்பெயரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, கூட்டாளியைத் தேர்வது

என் அனுபவத்தில் பாடசாலைதான் முதல் தெரிவு. மண்டபம் இருக்கிறது, மதில் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், முக்கியமாக ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய கல்லூரிகளைத் தேடிப் போக வேண்டாம். அவர்களிடம் ஏற்கனவே பாண்ட் இருக்கும், உங்கள் பிள்ளைகள் அங்கே விருந்தாளிகளாகத்தான் இருப்பார்கள். மேளமும் றெக்கோர்டர்க் குழலுமாக ஒரு சிறு குழு வைத்திருக்கும் நடுத்தரப் பாடசாலையைப் பாருங்கள். அவர்களுக்கு உங்கள் தேவை இருக்கும்.

அதிபரைச் சந்திக்கும்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் பழைய மாணவர் சங்கத்தில் ஒருவரும் கூட இருந்தால் நல்லது. வெளியார் பாடசாலைக்குள் வந்து பழக்குவதற்கு அதிபரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதிபர் ஊடாகக் கடிதம் அனுப்பி, பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். உங்கள் பாடசாலை எதில் என்று பார்த்து அனுப்புங்கள்.

தேவாலயம் இரண்டாவது கால். பங்குத்தந்தையும் அருட்பணிச் சபையும் சம்மதித்தால் இடம் கிடைக்கும், வருடத்தில் நிச்சயமான நிகழ்ச்சிகளும் கிடைக்கும். ஆனால் சைவ வீட்டுப் பிள்ளைகளும் வரவேண்டும் என்று நினைக்கும் குழு, தேவாலய வளவை மட்டும் நம்பியிருந்தால் சில பெற்றோர் தயங்குவார்கள். பாடசாலையில் பழகி, தேவாலயத்தில் வாசிப்பது நல்ல ஒழுங்கு.

சனசமூக நிலையம் சிறிய இடம்தான், ஆனால் ஊரின் காது அங்கே இருக்கிறது. காலையில் பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்கள் உங்கள் குழுவைத் தங்கள் குழு என்று பேசத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. மேளச் சத்தத்தைப் பற்றி முறைப்பாடு வந்தால் உங்களுக்காகப் பேசப் போகிறவர்களும் அவர்கள்தான். கூட்டுறவுச் சங்கங்களையும் விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு மேளத்தோல், ஒரு பெட்டி வால்வு எண்ணெய் என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

கட்சிகள்? வேண்டாம். தேர்தல் காலத்தில் ஒரு கட்சி மேடைக்கு வாசித்தால் அடுத்த நாள் நீங்கள் அந்தக் கட்சியின் பாண்ட். தேர்தல் அறிவிப்பு வந்த நாளில் இருந்து முடிவு வரும்வரை அரசியல் மேடைகளுக்கு வாசிப்பதில்லை என்று குழுவின் விதிகளை எழுதும் யாப்பிலேயே எழுதிவிடுங்கள். பிறகு யாருக்கும் முகம் பார்த்து மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை.

பதிவும் வங்கிக் கணக்கும்

இது சலிப்பான வேலை, ஆனால் நீளமானது இல்லை. ஒரு யாப்பு, நிர்வாகத் தெரிவுக் கூட்ட அறிக்கை, அங்கத்தவர் பட்டியல் ஆகிய மூன்றையும் தயாரித்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, கலைமன்றமாகப் பதிய என்ன வேண்டும் என்று கேளுங்கள். மண்டபம், வீதி, பொது மைதானம் பற்றிய விஷயங்களுக்கு மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. யாழ் மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 15, உள்ளூராட்சி மன்றங்கள் 17. இரண்டின் எல்லைகளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. முதலில் கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் குறையும்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு கையொப்பத்தோடு. தனியாள் கணக்கில் ஒரு மாதம்கூடக் குழுக் காசு இருக்கக்கூடாது. கணக்கறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். ஊரில் கதை கிளம்புவது கணக்குத் தெரியாத இடத்தில்தான்.

வாத்தியம் யாருடையது?

ஊர்ப் பாண்டுகள் சண்டையில் முடிவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். லண்டனில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆறு ட்ரம்பெற் அனுப்புகிறார்கள். பாடசாலை மண்டபத்தில் கையளிப்பு விழா, மாலை, படம், முகநூலில் பதிவு. ஐந்து வருடம் கழித்து அதிபர் மாறுகிறார். பழக்கியவருக்கும் புதிய அதிபருக்கும் ஒத்துவரவில்லை. அப்போது கேள்வி வரும்: ட்ரம்பெற் பாடசாலைக்கா, பாண்டுக்கா? விழாப் படத்தைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அரச பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏறிய பொருள் அரச சொத்து. வருட இறுதிப் பொருட்கணக்கெடுப்பில் அது பாடசாலையில் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு ஓர் ஆசிரியர் பதிவேட்டில் எழுதிவிட்டால்கூட, பிறகு அந்த வாத்தியத்தைப் பெருநாளுக்கு வெளியே கொண்டுபோவது அதிபருக்கே தலையிடி. ஆகவே பொருள் வந்து இறங்குமுன், கொடுப்பவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். இப்படி எழுதினால் போதும்:

“கீழே தொடர் இலக்கத்துடன் குறிப்பிடப்பட்ட வாத்தியங்கள் குழுவின் சொத்தாக வழங்கப்படுகின்றன. இவை பாடசாலையில் பாதுகாப்புக்காக வைக்கப்படுகின்றன. பாடசாலை மாணவர் அங்கத்தவராக இருக்கும்வரை இவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். குழு கலைக்கப்பட்டால் இவை பாடசாலைக்குச் சேரும்; எந்தத் தனியாளுக்கும் சேராது.”

கடைசி வரியைக் கட்டாயம் சேருங்கள். அதிபர் கையொப்பமிடத் தயங்குவது பெரும்பாலும் தங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற எண்ணத்தில்தான். அந்த வரி அவருக்கும் ஓர் உறுதி கொடுக்கிறது.

பாடசாலையோடு செய்யும் உடன்படிக்கையும் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மண்டபம், மின்சாரச் செலவு யாருடையது, அலுமாரித் திறப்பு யார் யாரிடம் (இருவரிடம், ஒருவர் பாடசாலை, ஒருவர் குழு), வாத்தியத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, உடைந்தால் யார் திருத்துவது, பரீட்சைக் காலத்தில் என்ன செய்வது, எத்தனை வருடத்துக்கு. மூன்று வருடம் என்று வையுங்கள். ஒரு வருடம் பழகுவதற்கே போய்விடும், ஐந்து வருடம் என்றால் கையொப்பமிட யோசிப்பார்கள்.

பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் இன்னொரு பக்கம் தனியாக வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியே பழகுவதில்லை. பெண்பிள்ளைகள் வரும் நாளில் ஓர் ஆசிரியையோ தாயோ அங்கே இருக்க வேண்டும். பயணம் போகப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைப் பழகும் அறைக் கதவிலேயே ஒட்டிவிடுங்கள்.

நீங்கள் என்ன திருப்பிக் கொடுப்பீர்கள்?

கூட்டு என்றால் இரண்டு பக்கமும் பார்க்கும். பாடசாலைக்கு என்ன வேண்டும் என்று நாட்காட்டியை விரித்துக்கொண்டு பேசுங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு, நிறுவுநர் தினம். தேவாலயத்துக்குப் பெருநாளும் நற்கருணைப் பவனியும். அந்தோனியார் கோயில் என்றால் யூன் 13ஐ இப்போதே சிவப்பு மையால் குறியுங்கள். சனசமூக நிலையத்துக்கு ஆண்டுவிழாவும் முன்பள்ளி விளையாட்டுப் போட்டியும். இவற்றுக்குக் காசு வாங்க வேண்டாம். ஆனால் வருடத்துக்கு ஒவ்வொரு கூட்டாளிக்கும் மூன்று நிகழ்ச்சி என்று எல்லை வைத்து எழுதுங்கள். எல்லை இல்லாவிட்டால் ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் பிள்ளைகள் வெயிலில் நிற்க நேரும், அதைப் பார்த்த பெற்றோர் அடுத்த மாதம் அனுப்ப மாட்டார்கள்.

வீதியில் பவனி போவதென்றால் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

பழகும் நேரத்துக்கு எதிரி ரியூஷன். பின்னேரம் முழுக்கத் தனியார் கல்வி நிலையங்களுக்கு ஓடும் பிள்ளைகளிடம் வாரத்துக்கு மூன்று நாள் கேட்டால் கிடைக்காது. பாடசாலை விட்டவுடன் ஒரு நாள் ஒரு மணித்தியாலம், வார இறுதியில் ஒருமுறை ஒன்றரை மணித்தியாலம் என்று கேளுங்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்த பிள்ளைகள் ஆறாம் ஆண்டில் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். சேர்க்க அதுவே நல்ல காலம். முன்பற்களும் அப்போது முளைத்து உறுதியாகியிருக்கும், உதட்டுக்கு அது முக்கியம். சாதாரண தரம் நெருங்கும்போது அவர்கள் குறைவார்கள், அதைத் தடுக்க முயல வேண்டாம். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கையில் நேரம் இருக்கும் பெடியளும் பெட்டையளும்தான் உங்களின் அடுத்த உதவிப் பயிற்றுநர்கள். அந்த மாதங்களில் அவர்களிடம் சிறுபிள்ளைகளை ஒப்படையுங்கள்.

நாதஸ்வரக்காரரோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி யாராவது கேட்கக்கூடும். இணுவிலும் அளவெட்டியும் பக்கத்தில் இருக்கும்போது கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முடியாது என்று உடனே சொல்ல வேண்டாம், சுருதியைக் கேளுங்கள். பாரி நாதஸ்வரம் (நீளமான, தாழ்ந்த சுருதி வகை) இரண்டரைக் கட்டை என்றால் அது பாண்டின் ஈ-பிளாட் சுரம், உங்கள் டெனர் ஹோர்னும் ஈ-பிளாட் ரியூபாவும் அதே சுருதியில் பிறந்தவை. கமகத்தை அவர்களிடம் விட்டுவிட்டு நீண்ட சுரங்களைத் தாங்கிப் பிடியுங்கள், நன்றாகவே இருக்கும்.

காசு

வெளிநாட்டில் இருந்து உதவ விரும்புபவர்களிடம் பெட்டி அனுப்பச் சொல்லாமல், பயிற்றுநரின் போக்குவரத்துக்கும் திருத்த வேலைக்கும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கேளுங்கள். புதிய வாத்தியம் படத்தில் அழகாக இருக்கும். அதைப் பழக்கும் ஆளுக்கு பஸ் காசு இல்லாவிட்டால் அலுமாரியில்தான் இருக்கும். பழைய வாத்தியம் அனுப்பப் போகிறார்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் 1960களின் நடுப்பகுதி வரை பாண்ட் வாத்தியங்கள் இன்றைய சுருதியைவிட உயர்ந்த சுருதியில் செய்யப்பட்டன. இன்று ஏ சுரம் விநாடிக்கு 440 அதிர்வு என்றால் அவற்றில் ஏறக்குறைய 452. பார்க்க வெள்ளி மினுங்கும், மற்றவர்களோடு சேர்ந்து ஊதினால் காது கூசும். அனுப்புமுன் ஒரு சுரத்தை ஊதி, கைபேசிச் சுருதிமானியில் காட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

வாடகைக்கு வாசிப்பதில் வரும் காசைப் பாதி வாசித்தவர்களுக்கும், மீதியைத் திருத்த வேலைக்கும் சேமிப்புக்கும் என்று பிரித்தால் பிரச்சினை குறைவு. கட்டணத்தை எழுத்தில் வைத்திருங்கள், ஆளுக்கொரு விலை சொல்லாதீர்கள்.

செத்தவீட்டைப் பற்றியும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். தேவாலயப் பக்கத்தில் அது சாதாரண விஷயம், குழுவுக்கு நிலையான வருமானமும்கூட. ஆனால் தங்கள் பிள்ளை அங்கே வாசிக்கக்கூடாது என்று சில பெற்றோர் சொல்வார்கள். சிலருக்குப் பயம், சிலருக்குப் பரீட்சை, சிலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் சாதி. என் தீர்மானம் இதுதான்: 18 வயதுக்கு மேற்பட்டவர்களே செத்தவீட்டுக்கு வாசிப்பது, போகிறவர்கள் விரும்பிப் போவது, போனவர்களைக் குழுவுக்குள் யாரும் குறைவாகப் பேசக்கூடாது. மூன்றாவது விதியை மீறுபவர் எவ்வளவு நல்ல வாத்தியக்காரராக இருந்தாலும் வெளியே.

ஆட்கள் மாறும்போது

அதிபர்கள் இடமாற்றம் பெறுவார்கள், பங்குத்தந்தையர் மாறுவார்கள், தவிசாளர்கள் தேர்தலில் மாறுவார்கள். இது நடக்கும் என்று தெரிந்தே இருங்கள். புதியவர் கடமையேற்ற முதல் வாரத்திலேயே தலைவரும் செயலாளரும் போய்ச் சந்திக்க வேண்டும். கையில் உடன்படிக்கைப் பிரதி, வாத்தியப் பட்டியல், கடந்த வருடம் அந்த நிறுவனத்துக்கு வாசித்த நிகழ்ச்சிகளின் விபரம். முறைப்பாடு எதையும் அன்றைக்குக் கொண்டுபோகாதீர்கள், முந்தியவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். பிள்ளைகளின் பழகும் நாளைச் சொல்லி, ஒரு பின்னேரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குழுவுக்குள்ளும் இதே ஏற்பாடு வேண்டும். பயிற்றுநருக்குக் கீழே இன்னொருவர் மாதத்தில் ஒரு பயிற்சியையாவது தனியாக நடத்தட்டும், பெரியவர் அன்று வீட்டில் இருக்கட்டும். சுரத்தாள்கள் ஒருவரின் பையில் இல்லாமல் படமெடுத்து மூன்று பேரின் கைபேசியில் இருக்கட்டும். மார்கழி விடுமுறையில், பாடசாலையின் பொருட்கணக்கெடுப்புக்கு முன்பே, இரண்டு திறப்புக்காரரும் சேர்ந்து அலுமாரியைத் திறந்து, கொப்பியில் உள்ள தொடர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கீழே இருவரும் திகதியோடு கையொப்பமிடுங்கள்.